சின்னமுத்து பஸ்ஸை நிறுத்திய இடங்கள்

கண்டிக்கும் புசல்லாவைக்கும் இடையே ஓடும் தனியார் பஸ் ஒன்றின் சாரதி சின்னமுத்து. புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். இளவயதில் கொழுந்து லொறியில் கிளீனராகச் சேர்ந்து, வண்டி கழுவிக் கழுவியே ஸ்டியரிங் பிடிக்கப் பழகியவர். கண்டி மஹய்யாவையில் மாநகரசபைத் தொழிலாளி ஒருவரின் மகள் பரிமளத்தைக் கட்டிக்கொண்ட பிறகு அங்கேயே குடியிருந்தார். ஒரே மகள் யசோதா கல்யாணமாகிக் கொழும்புக்குப் போய்விட்டாள்.

சின்னமுத்து ஓட்டும்போது பேசமாட்டார். பாட்டுக் கேட்கவும் மாட்டார். கம்பளை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் முதுகை நிமிர்த்தி உட்காருவார். புசல்லாவை வரும்வரை அந்த நிமிர்வு குறையாது. பின்னால் வேறு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு துரத்தினாலும் பந்தயத்துக்குப் போகமாட்டார். ஆனால் வழியில் வீணாக நிற்கவும் மாட்டார். "அண்ணன்ட பஸ்ஸுல ஏறினா கெதியா போகேலாது, ஆனா நேரத்துக்குப் போகலாம்" என்று கண்டக்டர் பளீல் ஆட்களைக் கூவி ஏற்றுவான். அது உண்மைதான் என்று அந்தப் பாதையில் போய்வருகிறவர்களுக்குத் தெரியும்.

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சின்னமுத்துவுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்த அந்த வருடத்து மழைக்காலத்தில்தான் அது தொடங்கியது. குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஒன்றுக்குப் போய்விட்டுத்தான் வண்டியை எடுப்பார். பேராதனைப் பாலம் தாண்டுவதற்குள் மறுபடி முட்டும். கெலிஓயா வரும்போது முழங்கால்கள் இரண்டும் தாமாகச் சேர்ந்துகொள்ளும். கம்பளையில் ஆள் இறங்கும் நேரத்தில் ஓட்டமாக ஓடிப்போய் நின்றால், அவ்வளவு அவசரப்படுத்தியது உடனே வராது. சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு மெல்லிய நூல் மாதிரி வரும், நிற்கும், சொட்டும். முடிந்துவிட்டது என்று திரும்பினால் முடியவில்லை என்று அடிவயிறு சொல்லும். வெளியே பளீல் பஸ்ஸின் தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்கும்.

குளிரென்று நினைத்தார். மலைநாட்டு மழையில் யாருக்கும் அப்படித்தானே. பிறகு தேத்தண்ணீர் கூடிப்போய்விட்டது என்று நினைத்தார். புசல்லாவைக் கடையில் வழக்கமாகக் குடிக்கும் சாயத் தண்ணியை நிறுத்தினார். கொஞ்சம் குறைந்தது போலிருந்தது. ஒரு கிழமைக்குப் பிறகு பழைய கதைதான்.

கராஜில் வண்டி பார்க்கிற மெக்கானிக் ஒருநாள் சொன்னான்: "அண்ணே, அடிக்கடி போனா அது சீனி வியாதிதான். எங்க மாமாவுக்கும் இப்படித்தான் தொடங்கிச்சு. கடைசில காலை எடுத்தாங்க."

அன்று முழுக்க சின்னமுத்துவுக்குக் கால்கள் இரண்டும் கூசிக்கொண்டே இருந்தன. பிரேக்கை மிதிக்கிற கால். மறுநாள் காலை வெறும் வயிற்றோடு டவுனில் இரத்தம் சோதிக்கும் இடத்துக்குப் போனார். பின்னேரம் முடிவைப் பார்த்த மருந்துக்கடைக்காரர், "சீனி ஒண்டுமில்ல, நல்லா இருக்கீங்க" என்று சொன்னார். சின்னமுத்து அந்தக் கடை வாசலிலேயே நின்று மாரியம்மனைக் கும்பிட்டார்.

சீனி இல்லை என்றால் நோய் வருத்தமே இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். அங்கேதான் பிசகியது. வருத்தமில்லாதவனுக்கு வைத்தியர் எதற்கு? வயது போனால் வருகிற தொல்லை. அதைத் தானே அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை நாக்கை நனைப்பதோடு சரி. உதடு வெடித்தது. போகும்போது எரிந்தது, சிறுநீர் கடும் தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது. ஆனாலும் அவசரம் மட்டும் குறையவில்லை.

பரிமளத்திடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டிய நாளிலிருந்து எதையும் அவளிடம் மறைத்தவரில்லை. ஆனால் இது அந்த இடத்து விஷயம். அவளிடம் எந்த வார்த்தையில் தொடங்குவதென்றே அவருக்குப் பிடிபடவில்லை. படுக்கையில் திரும்பத் திரும்ப எழுந்து போவதை அவள் கவனித்துக் கேட்டபோது, "வயிறு சரியில்ல" என்றார். அவள் ஓமம் அவித்துக் கொடுத்தாள். அதையும் குடிக்கப் பயந்து, அவள் பாராத நேரத்தில் வாழைமரத்தடியில் ஊற்றினார்.

அடுத்து வந்த வைகாசியில் பரிமளத்தின் அண்ணன் பெரியதம்பியின் மகளுக்கு வத்தேகமவில் கல்யாணம். அத்தை வீட்டுச் சீர்வரிசையோடு முன்வரிசையில் நிற்க வேண்டியவர் சின்னமுத்து. மண்டபம் நிறைய ஆட்கள், தாலி கட்டும் நேரத்தில் எழுந்து ஓட வேண்டி வந்தால்? வேட்டியில் நனைந்துவிட்டால்? ஒன்றிரண்டு தடவை உள்ளாடை நனைந்திருந்தது. அவருக்கு மட்டும்தான் அது தெரியும். காலையில் பட்டுச்சேலை கட்டி நின்ற பரிமளத்திடம், "முதலாளி லீவு தரல, நீ போய்ட்டு வா" என்றார்.

அவள் நம்பவில்லை. லீவு கேட்டால் முதலாளி கொடுப்பார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் சண்டை போடவில்லை. தனியே போனாள். பெரியதம்பி சபையில் வைத்தே, "மச்சானுக்கு எங்க வீடு இப்ப சின்னதாப் போச்சு போல" என்று கேட்டிருக்கிறார். அதை அவள் வந்து சொல்லவில்லை. சேலையை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, அன்றிலிருந்து அவரோடு தேவைக்கு மட்டும் பேசினாள்.

பஸ்ஸிலோ கதை வேறுவிதமாகப் போய்க்கொண்டிருந்தது. சின்னமுத்து இப்போது கம்பளைக்கு முன்னால் ஓரிடம், பின்னால் ஓரிடம் என்று நிறுத்தத் தொடங்கியிருந்தார். முதல் தடவை பயணிகள் முணுமுணுத்தார்கள். பளீல் கீழே குதித்து டயரைக் காலால் தட்டி, "காத்துக் கொறஞ்சி ஈக்குது போல" என்றான். அடுத்த நாள் ரேடியேட்டருக்குத் தண்ணீர். அதற்கடுத்த நாள் கதவுக் கொளுக்கி. சின்னமுத்து பற்றைக்குப் பின்னாலிருந்து வந்து, ஒன்றும் நடக்காதது போல ஏறி உட்காருவார். பளீல் அவருடைய முகத்தைப் பார்க்காமலே இரட்டை மணி அடிப்பான்.

தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பாலம்மா என்றொரு பெண் மாதத்தில் பலமுறை அந்த பஸ்ஸில் வருவாள். சாரதிக்குப் பின்னால் உள்ள சீட்டில்தான் உட்காருவாள். ஒருநாள் ஏற்றத்தில் சின்னமுத்துவின் பிடரியில் வியர்வை வழிவதையும், இடது கால் நடுங்குவதையும் பார்த்தாள்.

"டைவர் அண்ணே, கொஞ்சம் நிப்பாட்டுங்க. எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றாள்.

பஸ் நின்றது. பாலம்மா இறங்கி ஒரு பக்கம் நின்றாள். சின்னமுத்து மறுபக்கம் போனார். அதன் பிறகு அவள் ஏறுகிற நாளெல்லாம் அவளுக்குத் தலை சுற்றியது. ஒரு நாள் ஆசிரியர் ஒருவர் பலாப்பழம் வாங்க வேண்டுமென்று நிறுத்தச் சொன்னார்; பிறகு விலை கேட்டுவிட்டு வாங்காமலே வந்து ஏறினார். யாரும் யாரிடமும் எதுவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. சின்னமுத்துவோ, நல்ல காலம், இந்தப் பாதையில் பலவீனமான சனம் கூடிப்போச்சு என்று மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆடி மாதக் காற்றில் அவருக்குத் தடிமன் பிடித்தது. மூக்கடைப்போடு மலையில் ஓட்ட முடியாதென்று மருந்துக்கடையில் தடிமன் குளிசை வாங்கிப் போட்டார். இரண்டு வேளை போட்டதும் மூக்கு திறந்துகொண்டது. ஆனால் மறுநாள் காலை குட்ஷெட்டில் போய் நின்றபோது ஒரு சொட்டும் வரவில்லை. வண்டி எடுக்கும் நேரமாகிவிட்டதென்று வந்துவிட்டார். கம்பளையிலும் வரவில்லை. புசல்லாவையிலும் வரவில்லை. திரும்பி இறங்கும்போது அடிவயிறு கல்லாக நின்றது. பெல்ட்டைத் தளர்த்தினார். அந்த வலியை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை. முட்டுகிறது, வெடித்துவிடும் போல முட்டுகிறது, வழி மட்டும் இல்லை.

கண் இருட்டியது. அந்த நேரத்திலும் வளைவு முடிகிற இடம்வரை மெதுவாக இறக்கி, மலைப்பக்கமாக ஒதுக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்த பிறகுதான் ஸ்டியரிங்கில் சாய்ந்தார்.

"அண்ணே! என்ன செய்யுது? நெஞ்சா?" பளீல் ஓடிவந்து தோளைப் பிடித்தான்.

"ஒண்ணுக்கு... வரல பளீல். காலையில இருந்து வரல." சின்னமுத்து அழுதுவிட்டார்.

பளீல் உடனே கீழே குதித்தான். பின்னால் வந்த பஸ்ஸை மறித்துப் பயணிகளை ஏற்றினான். பாலம்மா அன்று கம்பளைச் சந்தைக்குப் போக ஏறியிருந்தாள். அவள் ஓடிப்போய் எதிரே வந்த முச்சக்கர வண்டியை நிறுத்தினாள். சாரதியைக் கைத்தாங்கலாக ஏற்றும்போது வேறு யாரோ ஒருவர் தன் துண்டை நான்காக மடித்து, குலுங்காமலிருக்க அவருக்குக் கீழே வைத்தார். பஸ்ஸுக்குக் காவலாக, பலாப்பழம் விலை கேட்ட அந்த ஆசிரியர் நின்றுகொண்டார்.

கம்பளை ஆஸ்பத்திரியில் அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றைச் செலுத்தினார்கள். கூச்சப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. அடுத்த கணம் குழாய் வழியே இறங்கத் தொடங்கியது. பை நிறைந்து, இன்னொரு பை வைத்தார்கள். கல்லாக நின்ற வயிறு மெல்ல மெல்ல மனித வயிறாயிற்று. சின்னமுத்து வெளியே தெரிந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். பிரசவம் முடிந்த பெண்ணைப் போலத் தோன்றியது என்று பின்னாளில் பரிமளத்திடம் சொன்னார். அவள், "அதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்" என்று சிரித்தாள்.

அன்று பின்னேரமே கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். பரிமளம் வாட்டுக்கு ஓடிவந்தபோது தலைமுடியைக்கூட முடியவில்லை. கட்டிலின் பக்கத்தில் தொங்கிய பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பளீல் வெளியே போய்விட்டான்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள்.

"போன மழையில இருந்து."

"கல்யாணத்துக்கு வராம இருந்தது..."

அவர் தலையசைத்தார். "சபையில வெச்சு ஏதாவது ஆச்சுன்னா உனக்குத்தானே அசிங்கம்னு நெனச்சேன்."

பரிமளம் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அதை விலக்கி, "எனக்கு அசிங்கமா? நான் என்ன நெனச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? உங்களுக்கு என்னைப் புடிக்காமப் போச்சுன்னு" என்றாள். பிறகு கட்டிலில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்து, வெடித்திருந்த அவர் உதட்டில் தன் விரலைத் தண்ணீரில் தொட்டுத் தடவினாள்.

அடுத்த நாள் வந்த வைத்தியர் யாழ்ப்பாணத்துக்காரர். வயது நாற்பது இருக்கும். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசியதே சின்னமுத்துவுக்குப் பாதித் தெம்பைத் தந்தது.

"ஐயா, ஆம்பிளையளுக்குச் சலம், அதுதான் சிறுநீர், சேருற பைக்குக் கீழ ஒரு சுரப்பி இருக்கு. புரோஸ்டேட் எண்டு சொல்லுவம். வயசு போகப் போக அது வீங்கி, சலம் போற வழியை நெருக்கும். உங்களுக்கு அதுதான். பை முழுசா வெறுமையாகாததாலதான் திரும்பத் திரும்ப முட்டினது."

"சீனி பார்த்தேனுங்க. இல்லேன்னாங்க."

"சீனி பார்த்தது நல்ல வேலை. தாகம் கூடி, மெலிஞ்சு, அடிக்கடி சலம் போனா அதைத்தான் முதல்ல பாக்கவேணும். ஆனா சீனி இல்லையெண்டா வேற ஒண்டும் இல்லையெண்டு நினைச்சிட்டீங்கள். கிருமி தொத்தினாலும் இப்பிடி வரும். கல்லு இருந்தாலும் வரும். பிரஷர் குளிசை சிலதாலயும் வரும். பொம்பிளையளுக்குக் கர்ப்பப்பை இறங்கினாலும் வரும். சில நேரம் தேத்தண்ணி கூடினதாலயும் இருக்கும். எதெண்டு வீட்டிலிருந்து யோசிச்சுக் கண்டுபிடிக்கேலாது."

"நான் தண்ணி குடிக்கிறதைக் கொறச்சுட்டேன்."

வைத்தியர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஓம், தெரியுது. அதாலதான் எரிவு. உள்ளுக்குக் கிருமியும் தொத்தியிருக்கு. தண்ணியை விட்டா வருத்தம் விடாது. படுக்கப் போகேக்க கொஞ்சம் குறைக்கலாம், பகல்ல குடிக்கவேணும். அந்தத் தடிமன் குளிசை இருக்கே, ஏற்கெனவே நெருக்கமா இருந்த வழியை அது பூட்டிப்போட்டுது."

பரிமளம் கேட்டாள்: "டொக்டர், முந்தியே வந்திருந்தா?"

"நித்திரை குழம்பிற அளவுக்கு எழும்பத் தொடங்கின நேரமே வந்திருக்கலாம். குளிசையோட சரிவந்திருக்கும். சலத்தில ரத்தம் கண்டா, குளிர் காய்ச்சலோட விலாப்பக்கம் நொந்தா, அண்டைக்கே வரவேணும். போக முட்டியும் போகேலாட்டி ஒரு நிமிசமும் வீட்டில இருக்கக் கூடாது. சிறுநீரகம் பழுதாப் போகும். ஐயாவுக்கு அது கொஞ்சம் அடிபட்டிருக்கு, திரும்பி வரும் எண்டு நினைக்கிறன்."

"புற்றுநோயா இருக்குமா?" சின்னமுத்து தாழ்ந்த குரலில் கேட்டார். பரிமளத்தின் கை அவர் முழங்கையில் இறுகியது.

"இல்லையெண்டு இப்ப சொல்லமாட்டன், ஓம் எண்டும் சொல்லமாட்டன். சோதிச்சுப்போட்டுச் சொல்லுறன்."

குழாயோடும் பையோடும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இடையில் ஒருமுறை குழாயை எடுத்துப் பார்த்தார்கள். மறுபடி அடைத்துக்கொண்டதால் திரும்பவும் போட்டார்கள். சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைக்கும்வரை அவர் வீட்டில்தான் இருக்க வேண்டியிருந்தது. முதல் சில நாள் அவர் சாரத்தால் பையை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். பரிமளம் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, பையைத் திறந்து வாளியில் ஊற்றி, நிறத்தைப் பார்த்து, "இன்னிக்குத் தெளிவா இருக்கு" என்பாள், சோற்றுக்கு அரிசி களைவது போன்ற சாதாரணமான குரலில். பழைய சேலைத் துணியில் பைக்கு ஓர் உறையும் தைத்தாள். நீலப் பூப்போட்ட துணி. அதைப் பார்த்துச் சின்னமுத்துவுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியதம்பி வந்தார். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, கொண்டுவந்த தோடம்பழத்தை மேசையில் வைத்தார். பரிமளம் தேத்தண்ணீர் போடப் போன நேரம் பார்த்துக் கதிரையைக் கட்டில் பக்கம் நகர்த்தினார்.

"மச்சான், தெரியாமப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"நான் சொல்லாதது என் பிழைதானே."

பெரியதம்பி தொண்டையைச் செருமினார். அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அது எப்படி... ஆரம்பத்துல எப்படி இருந்திச்சு? நூலு மாதிரித்தான் வந்திச்சா? நின்னு நின்னு?"

சின்னமுத்து அவரைப் பார்த்தார். பெரியதம்பி தோடம்பழத்தைப் பார்த்தார்.

"புதன்கிழமை கிளினிக் இருக்கு. காலையிலேயே வந்துருங்க. நானும் வாறேன்" என்றார் சின்னமுத்து. பெரியதம்பி அந்தப் புதன்கிழமை வந்தார். அவருக்குக் குளிசையோடு சரியாகிவிட்டது.

பளீல் வரும்போதெல்லாம் பாதையின் செய்திகளைக் கொண்டுவந்தான். ஒருநாள் பேச்சுவாக்கில், "பாலம்மா அக்காக்கு இப்ப வாந்தியே வாறல்ல அண்ணே" என்றான்.

"ஏன், மருந்து எடுத்தாளா?"

"எங்க வாந்தி? ஒங்களுக்காகத்தான் நிப்பாட்டச் சொன்ன. அந்த மாஸ்டர்ட பலாப்பழமும் அப்படித்தான். முழு பஸ்ஸுக்கும் தெரியும்."

தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் பற்றைக்குப் பின்னால் நின்ற ஒவ்வோர் இடமும் சின்னமுத்துவின் கண்ணில் வந்தது. அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவருக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியதுதான், ஆனால் வெட்கம் வரவில்லை. நெஞ்சு நிறைந்துபோய், "அவங்களுக்கெல்லாம் நான் சொன்னேன்னு சொல்லு" என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, பளீலும் கேட்கவில்லை.

புரட்டாதி மாதம் சத்திரசிகிச்சை நடந்தது. வயிற்றைக் கிழிக்கவில்லை; சலம் வரும் வழியாகவே கருவியைச் செலுத்தி, நெருக்கிக்கொண்டிருந்த சதையைச் சுரண்டி எடுத்தார்கள். சில நாள் இரத்தம் கலந்து வந்தது. குழாயை எடுத்த காலையில் தாதி தண்ணீர் குடிக்கச் சொல்லி, கழிப்பறைக்கு அனுப்பினாள். பரிமளம் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. நூலாகவோ சொட்டாகவோ இல்லை. வெளியே வந்த சின்னமுத்து சிறுபிள்ளை போலச் சிரித்துக்கொண்டு நிற்க, அவள் பக்கத்துக் கட்டில்காரர்களைப் பாராமல் அவர் கன்னத்தைத் தடவினாள்.

சதையைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வருகிற நாளில் இருவரும் கிளினிக் வாங்கில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வைத்தியர் தாளைப் பார்த்தார்.

"புற்றுநோய் இல்லை ஐயா. வெறும் வீக்கந்தான். சிறுநீரகமும் நல்லா வந்திட்டுது. வருசத்துக்கொருக்கா வந்து காட்டுங்கோ."

வெளியே வந்ததும் பரிமளம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகாமல் வாவிக்கரைக்கு நடந்தார்கள். கரையோரம் மர நிழலில் ஒருவர் செவ்விளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். சின்னமுத்து இரண்டு வாங்கினார். வாவியைச் சுற்றியுள்ள குட்டைச் சுவரில் சாய்ந்து நின்று குடித்தார்கள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் மீன்களுக்கு யாரோ பொரி போட்டார்கள்.

சட்டைப்பையில் போன் அடித்தது. பளீல்.

"அண்ணே, என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லடா. நல்லா இருக்கேன்."

"அல்ஹம்துலில்லாஹ்! எப்ப வண்டிக்கு வாறீங்க? புதுசா வந்த டைவர் வளைவுல போற போக்குல எனக்குத்தான் வாந்தி வருது."

சின்னமுத்து போனைக் காதிலிருந்து எடுத்துப் பரிமளத்தைப் பார்த்தார். அவள் இளநீர் வழுக்கையைச் சுரண்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, தலையை மறுப்பாக ஆட்டினாள்.

"வீட்டுல இன்னும் லீவு தரல" என்றார் போனில். "கார்த்திகை பொறக்கட்டும். வந்துர்றேன்."

அந்தக் கார்த்திகையில் அவர் திரும்பவும் புசல்லாவைப் பாதையில் ஏறினார்; இன்னும் சில வருடங்கள் ஓட்டினார். ஆனால் அன்று வாவிக்கரையை விட்டுப் போக இருவருக்கும் மனமில்லை. வெயில் இறங்கும்வரை கதைத்துக்கொண்டு நின்றுவிட்டு, மஹய்யாவைக்கு மெதுவாக நடந்தே போனார்கள்.